கண்ணாடிக்குள் கடல்: வண்ணத்தி மீன் வளர்த்த வரலாறு

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனவும், அவற்றிடத்தே தோன்றி வாழும் விலங்கும் புள்ளும் மரமும் பூவும் கருப்பொருள் எனவும் வகுத்துரைத்தனர் தமிழிலக்கண ஆசிரியர். செய்யுளுக்கென அமைந்த இப்பாகுபாட்டினுள் இயற்கை பற்றிய ஓர் உண்மையும் பொதிந்து கிடக்கின்றது. ஒவ்வோர் உயிரும் ஓர் இடத்திற்கு உரியது. இடத்தை நீக்கி உயிரை மாத்திரம் தனியே எடுத்தல் அரிது என்பதே அவ்வுண்மை. குறிஞ்சிக்குரிய மயிலை நெய்தற் கானலிற் பாடும் புலவனைத் திணைமயக்கம் என்று கூறி நாம் ஏற்றுக்கொள்ளலாம். கடலுக்குரிய மீனை வீட்டுக் கூடத்தில் வைப்பவனை இயற்கை அவ்வாறு ஏற்றுக்கொள்வதில்லை. அதன் தீர்ப்பு விரைவானது, மீன் இறந்துவிடும்.

கடல்மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க மனிதர் முயன்ற வரலாறு ஏறக்குறைய இரு நூற்றாண்டுக் காலத்தது. மேலெழுந்தவாரியாக நோக்குவோர்க்கு அது செல்வர்தம் பொழுதுபோக்கின் வரலாறாகவே தோன்றும். ஆழ்ந்து நோக்குவோர்க்கு அது வேறொன்றாகத் தோன்றும். மீனை வளர்க்கப் புகுந்தவர்கள் முதலிற் காற்றையும், பின்னர் நீரையும், அதன் பின்னர் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களையும், இறுதியில் முருகைக்கல்லையும் பேணக் கற்றனர். ஒவ்வொரு பாடமும் பல்லாயிரம் உயிர்களின் அழிவினாற் கிடைத்தது. அவ்வகையில் இது, கருப்பொருளைக் கவர எண்ணியவர் முதற்பொருளைக் கற்ற வரலாறு எனலாம். எவ்வளவு கற்றனர், எதனைக் கற்றிலர் என்பதை அளந்தறிய ஏற்ற அளவுகோலாக அமைவது வண்ணத்திப்பூச்சி மீன்.

இரு மீன்களும் இரு பயணிகளும்

வண்ணத்தி மீன்கள் வெப்பக் கடல்களின் முருகைக்கற்பாறைகளை அண்டி வாழ்வன. இன்று அறியப்பட்ட இனங்கள் ஏறக்குறைய 130. உடல் தட்டையானது, வட்டத் தகடு போன்றது. வாய் சிறிதாய்க் கூர்த்து நீண்டது. கண்ணை மறைத்து ஒரு கரும்பட்டை இறங்கும். சில இனங்களில் உடலின் பிற்பகுதியிலே கண்ணைப்போல ஒரு கரும்புள்ளி காணப்படும். பகை மீனுக்கு எது தலை, எது வால் என்னும் மயக்கத்தை அது விளைவிக்கும் என்பர். பல இனங்கள் ஆணும் பெண்ணும் இணைபிரியாது ஆண்டுக் கணக்கில் ஒரே பாறையிற் சுற்றித் திரிவன. 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் இவற்றுக்குக் கீற்றோடொன் என்னும் பெயரை வழங்கினார். கிரேக்க மொழியில் மயிர் போன்ற பல்லுடையது என்பது அதன் பொருள். மென்தூரிகை போன்ற அப்பற்களே இம்மீனின் ஊழை வகுத்தன என்பதைப் பின்னர்க் காண்போம்.

இக்கட்டுரையின் பொருட்டு இரண்டு இனங்களைத் தெரிந்துகொள்வோம். முதலாவது, அறிவியலார் 'ஒரைகா' என்பது. இலத்தீன் மொழியிலே தேர்ப்பாகன் என்று பொருள்படும். அதன் முதுகுத் துடுப்பின் பின்புறத்தே சவுக்கைப்போல ஓர் இழை நீண்டிருத்தலின் நாமும் பாகன் மீன் என்றே குறிப்போம். இரண்டாவது, 'திரைபாசியேற்றஸ்' எனப்படும் முப்பட்டை மீன். பாகன் மீன் வெண்ணிற உடலும் மஞ்சட் பின்புறமும் உடையது. முப்பட்டை மீனின் உடலில் மெல்லிய ஊதா வரிகள் கிடையாக ஓடும். இரண்டும் ஒரே பேரினத்தன. இரண்டும் இலங்கைக் கடலில் வாழ்வன.

இவற்றை உலகறியச் செய்த இருவரும் நெடுந்தூரப் பயணிகள். பாகன் மீனை விவரித்தவர் பீற்றர் போர்ஸ்கால். லின்னேயசின் மாணவரான இவர், டென்மார்க்கு மன்னர் 1761இல் அராபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக்குழுவிற் சென்று, 1763இல் யேமன் நாட்டிலே நோயுற்று மாண்டார். குழுவினருள் உயிருடன் மீண்டவர் நீபூர் ஒருவரே. அவர் 1775இற் பதிப்பித்த போர்ஸ்காலின் குறிப்புகளிலேதான் செங்கடலிற் கண்ட பாகன் மீன் இடம்பெற்றது. போர்ஸ்கால் செடிகளைத் தாளில் ஒட்டி உலர்த்துவதுபோலவே மீன்களின் தோலையும் உரித்துத் தாளில் ஒட்டி உலர்த்தினார். அத்தாள்கள் இன்றும் கோப்பன்கேகன் அரும்பொருட்சாலையிற் பேணப்படுகின்றன. முப்பட்டை மீனை விவரித்தவரோ, பிற்காலத்தில் ஆபிரிக்காவின் நைகர் ஆற்றைத் தேடிச் சென்று புகழெய்திய முங்கோ பார்க்கு. இளம் கப்பல் வைத்தியராக 1793இற் புறப்பட்டுச் சுமாத்திராவுக்குச் சென்றபோது அங்குக் கண்ட எட்டு மீன்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1797இல் அச்சேறியது.

மேல்நாட்டறிவு இம்மீன்களை முதலிற் கண்டது இவ்வாறே: உலர்ந்த தோலாகவும் ஏட்டு விவரணமாகவும். உயிரோடு கரை சேர்க்கும் வழி அன்று எவர்க்கும் தெரியாது. கடல்மீனை வாளியில் இட்டால் அது சில நாழிகையில் இறப்பது ஏன் என்பதே அன்று விளங்காத வினாவாக இருந்தது.

மூச்சின் பாடம்

வினாவுக்கு விடைகாண முயன்றோருள் முன்னிற்பவர் ஜீன் வில்பிரூ பவர் என்னும் பிரெஞ்சு அம்மையார். பரிசு நகரில் ஆடை தைக்கும் தொழில் புரிந்த இவர், மணம் முடித்துச் சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்தில் வாழ்ந்தார். ஆர்கனோட்டு எனப்படும் கணவாயினம் தன் ஓட்டைத் தானே ஆக்குகின்றதா, அன்றிப் பிறிதோர் உயிரின் ஓட்டிற் குடிபுகுகின்றதா என்பது அக்காலத்து அறிஞரிடையே பெரும் வழக்காயிருந்தது. அம்மையார் 1832ஆம் ஆண்டளவில் கண்ணாடித் தொட்டிகளையும், கடலினுள் நங்கூரமிட்டு நிறுத்தும் கூடுகளையும் அமைத்து, அவ்வுயிரை வளர்த்து, ஓட்டை அது தானே ஆக்குவதைக் கண்டு நிறுவினார். இறந்த உடலை ஆராய்வதாலே தீராத வழக்கு, உயிரை அதன் வாழ்நிலையில் நோக்கியதால் தீர்ந்தது. கடலுயிர்த் தொட்டியின் பிறப்பு ஓர் அறிவு வேட்கையிலிருந்து நிகழ்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயினும் மெசினாவிற் கடல் வாயிலிலேயே இருந்தது. பழைய நீரை அகற்றிப் புதுநீர் முகக்கலாம். கடலுக்கு அப்பாலுள்ள நகரில் வாழ்வோர் என் செய்வர்? 1846இல் அன்னா தைன் என்னும் ஆங்கில அம்மையார் தென்மேற்குக் கரையிலுள்ள தோர்க்கீயிலிருந்து சில முருகை உயிர்களை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். நீர் கெடாதிருக்கும்பொருட்டுத் திறந்த பலகணியின் அருகே அந்நீரை ஒரு கலத்திலிருந்து மறுகலத்துக்கு நாள்தோறும் அரைமணி நேரத்துக்கு மேலாக ஊற்றுவித்தார். அவ்வேலையைச் செய்தவள் அவருடைய வீட்டுப் பணிப்பெண். பின்னர்க் கடற்பாசிகளையும் நீரில் இட்டு, அவ்வுயிர்களை ஏறக்குறைய மூன்றாண்டு காலம் பேணினார். வரலாற்றேடுகளில் அம்மையாரின் பெயர் உண்டு. நீரை ஆற்றிய அப்பெண்ணின் பெயர் இல்லை. ஆயினும் இன்று மின்விசையால் இயங்கும் ஒவ்வொரு காற்றுக்குழாயும் அவள் கை செய்த தொழிலையே செய்கின்றது.

அம்மையார் பாசியை இட்டதற்குரிய காரணத்தை ஆய்ந்து விளக்கியவர் ரொபேட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர். 1850இல் அவர் ஒரு கலத்தில் நன்னீரும் இரு பொன்மீன்களும் நீர்ச்செடியும் இட்டார். மீன் வெளிவிடும் கரியமிலவாயுவைச் செடி கொள்ளும். செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் கொள்ளும். ஆயினும் செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கிற்று. அவர் நத்தைகளை இட்டார். அவை அழுகலைத் தின்று நீரைத் தெளிவித்தன. விலங்கு, செடி, துப்புரவு செய்யும் உயிர் ஆகிய மூன்றும் கூடிய சமநிலை என்னும் கருத்து இவ்வாறு எழுந்தது. அதன்பின் அவர் கடல்நீரிலும் அதனையே முயன்றார்.

இக்கருத்தை மக்களிடையே பரப்பியவர் பிலிப் ஹென்றி கொஸ். 1853ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையிலே பொதுமக்கள் பார்வைக்கு மீன்மனை திறக்கப்பட்டபோது, தொட்டிகளுக்குரிய கடலுயிர்களைத் திரட்டி உதவியவர்களுள் அவர் ஒருவர். 1854இல் அவர் எழுதிய 'அக்குவேரியம்' என்னும் நூலே அச்சொல்லை வழக்கிலே நிலைபெறச் செய்தது. அதே ஆண்டில், சாதாரண உப்புடன் மகனீசியம், பொற்றாசியம் ஆகியவற்றின் உப்புகளை அளவறிந்து கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் வெளியிட்டார். கடற்கரையை அறியாத ஊரிலும் இனிக் கடலை ஆக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது.

ஆசையின் விலை

பிரித்தானியாவிற் கண்ணாடிமீதிருந்த வரி 1845இல் நீக்கப்பட்டதனாற் கண்ணாடி மலிந்தது. புகையிரதப் பாதைகள் கடற்கரையை நகரத்தோடு இணைத்தன. கொஸ் எழுதிய நூல்கள் வீடுதோறும் படிக்கப்பட்டன. விளைவு யாது? வாளியும் உளியும் ஏந்திய கூட்டம் கரையை நோக்கிப் புறப்பட்டது. பாறைக் குழிகளிலே யுகம் யுகமாக அலைவற்றும்போது ஒளிர்ந்துகிடந்த கடற்சாமந்திகளும் பாசிகளும் சில ஆண்டுகளிற் பெயர்த்தெடுக்கப்பட்டன. எடுத்தவற்றுட் பெரும்பகுதி மக்கள் கூடங்களிலே வெப்பத்தாலும் அழுகலாலும் மாண்டது. 1860களில் அம்மோகம் தணிந்தது. தொட்டிகள் மூலையிற் கிடந்தன. ஆனாற் கரை பழைய நிலையை எய்தவில்லை. கொசின் மைந்தரான எட்மண்ட் கொஸ், தந்தையையும் தன்னையும் பற்றி 1907இல் எழுதிய நூலில், தந்தையின் எழுத்துத் தூண்டிய ஆர்வமே தான் இளமையிற் கண்ட பாறைக் குழிகளை வெறுமையாக்கியது என்று இரங்கியுள்ளார். கடலை நேசிக்கக் கற்பித்தவரே அதன் கரையின் அழிவுக்கு அறியாது ஏதுவானார். இம்முரண் இவ்வரலாற்றில் மீண்டும் தலைகாட்டும்.

மோகம் தணிந்த காலத்திலும் அறிவு நின்றுவிடவில்லை. தொட்டிகளையும் கடலுயிர்களையும் விற்று வாழ்ந்த வில்லியம் அல்போர்ட் லொயிட் என்பவர், சிறு தொட்டியொன்றின் நீர் விரைவிற் கெடுவதையும் பெருநீர் கெடாது நிற்பதையும் கண்டார். காட்சித் தொட்டிகளுக்குக் கீழே இருளில் ஒரு பெருநீர்த்தேக்கத்தை அமைத்து, அந்நீரை இடையறாது சுழலவிட்டார். 1864இல் அம்பேர்க்கு நகரிலும், 1871இல் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் அவர்தம் முறைப்படி காட்சியகங்கள் இயங்கின. ஓடும் நீரும் பெருநீருமே கடலின் இயல்பு என்பது அவர் கற்ற பாடம்.

காணா உயிர்கள்

பெருநீர் ஏன் கெடுவதில்லை என்பதற்கு விடை வேறொரு துறையிலிருந்து வந்தது. மண்ணியலாய்வில் ஈடுபட்ட உருசிய அறிஞர் செர்கை வினோகிரட்ஸ்கி 1890ஆம் ஆண்டையொட்டி நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்தார். மீனின் செவுள்வழி வெளியேறும் அமோனியா கொடிய நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சே. மற்றொரு வகை அந்த நைத்திரைற்றை, தீமை மிகக் குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். தொட்டியின் கல்லிலும் மணலிலும் இவ்வுயிர்கள் குடியேறிப் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதற்குமுன் மீனை இடுவோன், உலை மூட்டாத வீட்டிற்கு விருந்தினரை அழைத்தவனுக்கு ஒப்பாவான். விக்டோரியா காலத்து வீடுகளில் மீன்கள் மாண்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இவ்வுண்மை வீட்டுத் தொட்டியை வந்தடைய மேலும் அரை நூற்றாண்டு சென்றது.

இதற்கிடையில் வெப்பக்கடல் மீன்களைக் காணும் வாய்ப்பு நம் அயலிலேயே தோன்றிற்று. சென்னைக் கடற்கரையிலே, அரும்பொருட்சாலையின் தலைவராயிருந்த எட்கார் தேர்ஸ்டனின் முயற்சியால் 1909இற் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்பட்டது. ஐரோப்பாவில் நீரைச் சூடாக்குவதற்கும் உப்பைக் கலப்பதற்கும் பெருமுயற்சி வேண்டியிருந்தது. இங்கோ மீனும் நீரும் வெம்மையும் ஒருங்கே வாயிலில் நின்றன. முதற்பொருள் அருகிருக்கக் கருப்பொருள் எளிதில் வாழும் என்பதற்கு அது சான்று.

1924இல் இலண்டன் விலங்குக்காட்சிச்சாலையில் திறக்கப்பட்ட புதிய மீன்காட்சியகத்தில் வேறொரு துன்பம் தோன்றியது. வெப்பக்கடலிலிருந்து வந்த மீன்களின் மேனியிற் பொடி தூவினாற்போலப் புள்ளிகள் எழுந்தன; செவுள்கள் அடைபட்டன; நாட்கணக்கில் மீன்கள் மாண்டன. அந்நோய்க்கு ஏதுவான ஒட்டுண்ணியை பிரவுண் என்னும் ஆய்வாளர் 1931இல் விவரித்தார். பரந்த கடலில் ஒரு மீனைவிட்டு நீங்கும் ஒட்டுண்ணி இன்னொரு மீனை அடைவது அரிது. சிறு தொட்டியிலோ அதன் குஞ்சுகள் அனைத்தும் அதே மீனை மீண்டும் பற்றும். இந்நோய்க்கு முதலில் இலக்காகுபவற்றுள் வண்ணத்தி மீன்களும் அடங்கும். துருசை நுண்ணளவில் நீரிற் கரைத்தால் ஒட்டுண்ணி சாகும். ஆனால் அதே துருசு முருகை உயிர்களுக்கும் கடற்சாமந்திகளுக்கும் நஞ்சு. மீனுக்கு மருந்தானது மீனின் வீட்டுக்கு நஞ்சாயிற்று. மீனையும் முருகைக்கல்லையும் ஒரே தொட்டியில் வைத்து நோய் தீர்ப்பது இயலாதென்பது தெளிவாயிற்று.

வானூர்தியில் வந்த மீன்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூன்று மாற்றங்கள் ஒருங்கு நிகழ்ந்தன. சுவாசக்கலம் அணிந்து நீரடியில் நெடுநேரம் நிற்க மனிதன் கற்றான். பொலித்தீன் பைகளில் நீரும் ஒட்சிசனும் அடைத்து உயிர்மீனை அனுப்பும் முறை வந்தது. வானூர்தி, வாரக்கணக்கான கடற்பயணத்தை மணிக்கணக்காக்கியது. இம்மூன்றாலும் முருகைக்கற்பாறைக்கும் வெளிநாட்டவர் வீட்டுக் கூடத்துக்கும் இடையிலிருந்த தூரம் சுருங்கிற்று.

அமெரிக்காவின் புளோரிடாவிலே மீன் பிடித்து விற்ற ரொபேட் ஸ்ட்ரோன் என்பவர் 1959இல் வீட்டுக் கடல்நீர்த் தொட்டி பற்றி ஒரு நூல் எழுதினார். பருக்கைக்கல்லுக்கு அடியில் தட்டொன்றை அமைத்து, காற்றின் விசையால் நீரைக் கல்லினூடே கீழிறக்கும் முறையை அவர் பரப்பினார். வினோகிரட்ஸ்கி கண்ட பற்றீரியாக்கள் குடியிருக்க வீட்டுத் தொட்டியில் இடம் கிடைத்தது. 1961இல் யக்கார்த்தா நகரத்து லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்செறிந்த கற்களையும் இயற்கைக் கடல்நீரையும் சூரிய ஒளியையும் சிறு காற்றுக்குமிழ்களையும் மட்டுமே துணைக்கொண்டு தொட்டிகளைப் பேணிய தம் முறையை வெளியிட்டார். மேல்நாட்டார் பொறிகளால் தேடியதை அவர் ஒரு கல்லிலே கண்டார். அக்கல்லே பற்றீரியாக்களின் ஊர். 1964இல் அமெரிக்காவில் ஆயத்தக் கடலுப்பு விற்பனைக்கு வந்தது. அக்காலத்திலேயே சிலிக்கன் பசையும் வந்து, உப்புநீரில் துருப்பிடித்து மீனைக் கொன்ற இரும்புச் சட்டங்களை நீக்கியது.

இவ்வணிகத்தின் மறுமுனையில் நின்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. தெகிவளை விலங்குக்காட்சிச்சாலையிற் பணியாற்றியவரும், நீர்மூழ்குவதில் வல்லவருமாகிய ரொட்னி ஜொங்கிளாஸ் இத்துறையில் இந்நாட்டின் முன்னோடியாவார். 1956இல் இங்குக் குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர்தம் நண்பர் மைக் வில்சனும் நம் முருகைக்கற்பாறைகளில் மூழ்கித் திரிந்த காலம் அது. கடல்மீன்களைச் சிறுவலையாற் காயமின்றிப் பிடிக்கும் முறைகளை ஜொங்கிளாஸ் 1975இல் வெளிவந்த தம் நூலிற் பதிந்துள்ளார். வேறு நாடுகளிலோ, குறிப்பாகப் பிலிப்பைன்சில், 1960கள் முதற் சயனைட்டு நஞ்சைப் பாறையிடுக்குகளிற் பீச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பரவியது. அவ்வாறு பிடிபட்ட மீன்களுட் பல, வாங்கியவர் வீட்டில் வெளிக்காரணமின்றி மாண்டன.

வாங்கியவர் தேர்ந்தெடுத்தது அழகை. பாகன் மீனும் முப்பட்டை மீனும் ஒரே கடையில் அருகருகே விற்கப்பட்டன. பாகன் மீன் சில நாள் நாணி நின்று, பின்னர் இறாலையும் ஓடு திறந்த மட்டியையும் கொத்தத் தொடங்கும், ஆண்டுகள் வாழும். முப்பட்டை மீனோ இட்ட உணவைச் சுற்றி வரும், நோக்கும், தின்னாது. கிழமைகள் செல்லச் செல்ல அதன் நெற்றி ஒடுங்கி வயிறு உள்வாங்கும். நீரில் குறையில்லை, வெம்மையில் குறையில்லை, நோயுமில்லை. உணவு மலிந்த தொட்டியில் அது பட்டினியால் மாண்டது.

முருகைக்கல் வீட்டிற்கு வந்தபோது

காரணம் அந்த மயிர்ப்பற்களில் உள்ளது. பாகன் மீன் கடலில் புழுவும் கடற்சாமந்தியும் பாசியும் சிறு நண்டினங்களும் எனப் பலவற்றைத் தின்னும். அதனால் மாற்றுணவை ஏற்கும். முப்பட்டை மீன் உயிருள்ள முருகைக்கல்லின் நுண்ணுயிர்களைக் காலை முதல் மாலைவரை ஒவ்வொன்றாகக் கொத்தியே வாழ்வது. அதற்குப் பாறை வீடு மட்டுமன்று, பாறையே சோறு. இதனை உணர்ந்த வளர்ப்போர், முருகைக்கல்லையே வீட்டில் வளர்த்தால் இம்மீனையும் வளர்க்கலாம் என்று எண்ணியிருத்தல் இயல்பே.

1970களிலிருந்து யேர்மனியின் பேர்லின் நகர வளர்ப்போர் அவ்வழியிற் சென்றனர். உயிர்க்கற்களோடு, கழிவை நுரையாகத் திரட்டி அகற்றும் கருவியையும், சூரியனை ஒத்த வலிய விளக்குகளையும் அவர்கள் கூட்டினர். முருகை உயிரின் உடலினுள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளியிலிருந்து உணவாக்கித் தம்மைத் தாங்கும் உயிருக்கு அவை ஊட்டுகின்றன. ஆகையால் ஒளியின்றி முருகைக்கல் இல்லை. நீரிற் கல்சியமும் குறையாது பேணப்பட்டது. பிந்திய இருபதாண்டுகளுள் வீட்டுக் கூடங்களில் முருகைக்கற்கள் வளர்ந்தன, கிளைத்தன, ஒடித்து நட்டால் மீண்டும் தழைத்தன. பணிப்பெண்ணின் கையில் தொடங்கிய முயற்சி தன் உச்சியை அடைந்தது.

அவ்வுச்சியிலே ஒரு வேடிக்கை காத்திருந்தது. அரும்பாடுபட்டு வளர்த்த முருகைக்கல்லுள்ள தொட்டியில் முப்பட்டை மீனை விட்டால் அது அக்கல்லைத் தின்றுவிடும்! கைப்பிடியளவு கல் வளர மாதங்கள் செல்லும். மீன் அதனைச் சில நாளில் தீர்த்துவிடும். கடலில் ஓர் இணை மேய்வது விரிந்த பாறைப்பரப்பு. மேய்ந்த இடம் மீண்டும் தழைக்கக் காலம் உண்டு. அப்பரப்பைக் கூடத்தில் அடக்குதல் யார்க்கு இயலும்? ஆகவே முருகைக்கல்லை வளர்க்கக் கற்றவர்கள் வண்ணத்தி மீனை வாயிலில் நிறுத்தினர். முன்னர் முருகைக்கல் இல்லாமையால் வளர்க்க முடியாத மீன், பின்னர் முருகைக்கல் இருந்தமையால் வளர்க்க முடியாததாயிற்று.

இனப்பெருக்கமும் அத்தகையதே. வண்ணத்தி மீனின் குஞ்சு, தலையில் எலும்புக் கவசம் பூண்டு திறந்த கடலிற் பல கிழமைகள் மிதந்து திரிந்த பின்னரே பாறையை அடையும். 19ஆம் நூற்றாண்டு அறிஞர் அக்கவசக் குஞ்சைத் தனியொரு மீன்குலம் என மயங்கி 'தோலிக்தீஸ்' எனப் பெயருமிட்டனர். அண்மைக் காலத்தில் ஆய்வுக்கூடங்களில் மிகச் சில இனங்கள் முட்டையிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்டுள்ளன. எஞ்சியவை எல்லாம் கடலிலிருந்தே பிடிக்கப்படுவன.

நம் கரையில்

இவ்வரலாறு நமக்கு அயலாரது அன்று. நெடுந்தீவின் வேலிகளில் அடுக்கப்பட்டிருப்பதும் யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களில் அமைந்திருப்பதும் முருகைக்கல்லே. தென்மேற்குக் கரையிலே நெடுங்காலம் அதனை அகழ்ந்து சுண்ணாம்பு சுட்டனர். கரையோரம் பேணும் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு அவ்வகழ்வு தடைசெய்யப்பட்டது. கல்லின்மேற் கவிழ்த்து உடைத்து மீன்பிடிக்கும் மொக்சி வலையை 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் தடுத்தன. 1998ஆம் ஆண்டு விதிகள் சில உயிர்மீன்களின் ஏற்றுமதியைத் தடுத்தும் வேறு சிலவற்றை அனுமதிக்கு உட்படுத்தியும் வைத்தன.

அதே 1998இல் எந்த விதிக்கும் அடங்காத துன்பம் ஒன்று வந்தது. கடல் வெப்பம் மிகுந்தமையால் முருகை உயிர்கள் தம்முள் வாழ்ந்த நுண்பாசிகளை இழந்து வெளிறின. இக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள திட்டிலும் ஆழம் குறைந்த இடத்து முருகைக்கற்கள் பெரும்பாலும் மடிந்தன. திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவின் கற்கள் அன்று பெரிதும் தப்பின. பாறை மடிந்த இடத்தில் யாது நிகழும் என்பதை உலகின் பல கடல்களிலும் ஆய்வாளர் கண்டுள்ளனர். பலவுணவு கொள்ளும் பாகன் மீன் போன்றவை ஒருவாறு பிழைக்கும். முருகைக்கல்லையே உண்ணும் இனங்கள் குன்றி மறையும். கண்ணாடித் தொட்டியில் ஒரு மீன் பட்டினியால் மாண்ட அதே முறையில், அகன்ற கடலிலும் மாண்டது. தொட்டி முன்னரே காட்டிய உண்மையைக் கடல் பின்னர்ப் பெரிதாக்கிக் காட்டியது.

ஆதலின் தொட்டியை வெறும் விளையாட்டு என்று இகழ்வதற்கில்லை. அமோனியாவின் நஞ்சும், நுண்பாசியின் உதவியும், ஒளியின் அருமையும் தொட்டிமுன் அமர்ந்து கற்ற ஒரு மாணவனுக்கு, பாறை வெளிறுதல் என்பது பத்திரிகைச் செய்தியாக மாத்திரம் நில்லாது. ஏறக்குறைய 500 லீற்றர் நீரும், 25 பாகை அளவிலான வெம்மையும், லீற்றருக்கு 35 கிராம் உப்பும், ஆறு கிழமைப் பொறுமையும் உடையவன், முறையாகப் பிடிக்கப்பட்ட பாகன் மீனொன்றை முதலிற் சில கிழமை தனித்தொட்டியில் வைத்து நோய் இன்மை தேர்ந்து, நாளுக்குப் பன்முறை சிறிது சிறிதாக உணவளித்துப் பல்லாண்டு பேணலாம். அதனால் அவன் கற்பது மிகுதி.

முப்பட்டை மீனை விரும்புவோன் செய்யத்தக்கது வேறு. அவன் புறாத்தீவுக்குச் செல்லட்டும். 1963இற் சரணாலயமாகவும் 2003இல் தேசிய வனமாகவும் பிரகடனஞ் செய்யப்பட்ட அவ்விடத்தே, முருகைக்கல்லை மிதியாமலும் தொடாமலும் நீர்மேல் முகங்கவிழ்ந்து மிதப்பானாயின், வாய்ப்புளதேல் ஓர் இணை ஒன்றன்பின் ஒன்றாய்க் கல்லுக்குக் கல் சென்று கொத்தித் தின்பதைக் காண்பான். போர்ஸ்காலின் தாளும் கொசின் கலமும் பேர்லினின் விளக்கும் கொண்டு சேர்க்க முடியாத காட்சி அது. எதனை வீட்டுக்குக் கொண்டுவரலாம், எதனை அதன் நிலத்திலேயே சென்று காணவேண்டும் என்று பகுத்தறிவதே இரு நூற்றாண்டு மீன்வளர்ப்பு நமக்குத் தந்த கல்வி.